யாரும் திருப்பிப் பார்க்காத தோல்

அக்கா,

உன் குடிசை வாசலில் கதவாகத் தொங்கிய தோலைக் காட்டி உன்னைத் திருடி என்றார்கள். நீ திருடவில்லை. அப்படிச் சொன்னவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே உன் வேலையைப் பறித்தார்கள். வேலையோடு வீட்டையும் பறித்தார்கள். கடைசியில் பாலாற்று மணலில் உன்னைச் சாக விட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

இன்று காலை என் வீட்டுச் சுவரில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புளித்த கஞ்சிப் பசையின் வாடை உள்ளே வரை வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படித்தேன். அன்று நகரசபைத் தேர்தலில் நின்ற அதே அபேட்சகர் இத்தனை வருஷம் கழித்து இப்போது சட்டசபைக்கு நிற்கிறார். அவருடைய பெருமைகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நடுவில் ஒரு வரி: 'தோல் தொழிலாளரின் குடிசைகளுக்கு நேரில் சென்று, அவர்தம் துயரைக் கண்ணாரக் கண்டு மனமுருகியவர்.'

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். பள்ளிக்கூடம் போகாதவன் நான். கடைப் பலகைகளையும் சுவர் நோட்டீஸ்களையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். ஆனாலும் படித்ததில் தப்பில்லை. அவர் வந்தாராம். கண்டாராம். உருகினாராம். உன் குடிசைக்கு அவர் வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அச்சடித்துப் பெருமையாக ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்.

அதனால்தான் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். தெரியாதவர்கள் படிக்கட்டும்.

நாம் இருந்தது ஆம்பூரில் ஆற்றங்கரை ஓரம், தோல் ஷாப்புக்குப் பின்னால். ஷாப்பு என்றால் விற்கிற கடையல்ல, தோல் பதனிடுகிற இடம். பச்சைத் தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறும். அதை எடுத்து மயிர் வழிக்கிற வேலை உனக்கு. அடியில் ஒட்டிய சதையைக் கத்தியால் சீவுகிற வேலை எனக்கு. குடிசைகள் முதலாளியின் இடத்தில் இருந்தன. வேலை இருக்கிறவரைக்கும் குடிசை. சுண்ணாம்பு தின்று உன் விரல் நுனிகள் வெடித்த நாட்களில்கூட, சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கஞ்சியாய்க் கரைத்துக் குடித்துவிட்டு நீ வேலைக்குப் போனாய். போகாவிட்டால் கூலி போகும் என்பதைவிட, கூரை போகும் என்பதுதான் உன் பயம். உனக்கு முன்னால் அப்படிக் கூரை போன கிழவனும் கிழவியும் ரயிலடித் தாழ்வாரத்தில் மூட்டையோடு கிடந்ததை நாம் போகும்போதும் வரும்போதும் பார்த்தோம்.

சந்தைத் திடலில் ஓட்டுக் கூட்டம் நடந்த அந்தச் சாயங்காலம் நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வெற்றிலைக் கடைக்காரர், ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை விற்கிற பட்டை வியாபாரி, மாடி வீட்டுக்காரர் என்று ஓட்டு உள்ளவர்கள் முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அபேட்சகர் சாக்கடை கட்டுவதைப் பற்றியும் தெருவிளக்கு போடுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். நீ நடுவில் எழுந்தாய்.

"ஐயா, ஒரு பேச்சு கேக்கணும்."

"கேளும்மா."

"நாங்க இருக்கற குடிசை ஷாப்புக்காரங்களுது. கை வெந்து ஒரு நாளு குந்திட்டா, காலி பண்ணுன்றாங்க. மழ பேஞ்சா தோலு காயாது, கூலி கெடையாது. ஆனா குடிசைக்குன்னு கூலியில புடிக்கிறத மட்டும் மழயின்னு வுடறதில்ல. எங்களுக்குன்னு ஒரு மனைக்கட்டு வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?"

ஜமக்காளத்திலிருந்து ஒருவன் திரும்பினான். "இன்னாம்மா, உனக்கு ஓட்டு கீதா?"

"இல்ல. வீட்டு வரி கட்டறவங்களுக்குத்தான் ஓட்டாமே. வூடே இல்லாதவ எங்கேந்து வரி கட்டறது? அதான் ஓட்டு கீறவங்க நடுவுல வந்து கேக்கறேன். உங்க காதுல வுழட்டும்னுதான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அது உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல. அந்தப் பட்டை வியாபாரி, "கேட்டதுல இன்னா தப்பு? பதில சொல்லுங்க" என்று மேடையைப் பார்த்துச் சொன்னார். அபேட்சகர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தாயே, வர்ற ஞாயித்துக்கெழம நானே உங்க குடிசைக்கு வர்றேன். என் கண்ணால பாத்துட்டுப் பதில் சொல்றேன்" என்றார். கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது நீ நடக்கவில்லை, ஓடினாய். "டேய் தம்பி, வர்றாராம்டா!"

"வந்து இன்னா பண்ணுவாரு யக்கா?"

"வந்து பாத்தா போதும்டா. பாத்தவன் மனசு சும்மா இருக்குமா?"

உன் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருந்தது. பார்க்காததால்தான் செய்யவில்லை, பார்த்தால் செய்வார்கள்.

கழிவுத் தோலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாட்டை உரிக்கிறபோது கத்தி பட்டுக் கிழிந்தது, உண்ணி தின்று சல்லடையானது, இவற்றை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். பொங்கலுக்கு முன்னால் அவற்றை ஷாப்பு மேஸ்திரி நம் பக்கம் வீசுவார். "எடுத்துனு போங்கடா, எலி துன்றதுக்கு நீங்க துன்னுங்க" என்பார். அது எல்லா ஷாப்பிலும் உள்ள வழக்கம். கூரை ஒழுகுகிற இடத்தில் போடுவோம். மரக்கதவுக்கு எங்கே போவது? வாசலில் அதையே தொங்கவிடுவோம். விறைத்து, நாறி, பலகை மாதிரி கிடக்கும்.

"பெரிய மனுசன் குனிஞ்சி உள்ள வரணும். மூஞ்சில நாத்தம் அடிக்கலாமா?" என்று நீதான் ஆரம்பித்தாய். வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தோல் பதனிட்ட பிறகு ஷாப்பிலிருந்து சாக்கடைக்குப் போகிற ஆவாரம்பட்டைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வந்து கதவுத் தோல்களை ஊறப் போட்டீர்கள். ஆற்றில் அலசினீர்கள். விளக்குக்கு வைத்திருந்த புங்கெண்ணெயை ஊற்றித் தேய்த்தீர்கள். அந்த வாரம் நம் வரிசையில் யார் வீட்டிலும் விளக்கு எரியவில்லை. நீ ஒரு படி மேலே போனாய். உன் கதவில் இருந்த ஓட்டை ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் துண்டுத் தோல் வைத்து, முன்னால் தையல் தெரியாமல் தைத்தாய்.

"யக்கா, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ சிங்காரம் ஆவாது" என்றேன்.

"நாம தோலு வேலக்காரங்கடா. நம்ம வூட்டுத் தோலு அசிங்கமா இருந்தா நமக்குத்தான் மானக்கேடு."

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் அந்தக் கதவுகள் தேன் நிறத்தில் மின்னின. வேறு யாராக இருந்தாலும் கிழிசலைக் கிழிசலாகவே தொங்கவிட்டு, பாருங்கள் எங்கள் நிலையை என்று காட்டியிருப்பார்கள். தோல் வேலை செய்கிற நமக்கு அது தோன்றவே இல்லை. கையில் கிடைத்த தோலை ஒழுங்கு பண்ணாமல் நம்மால் இருக்க முடியவில்லை.

அவர் ஜட்கா வண்டியில் வந்தார். முதலாளியும் கூடவே வந்தார், பின்னால் மேஸ்திரி. நீ குளித்து, இருந்ததில் கிழியாத புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அபேட்சகர் உன் வாசலில் நின்றார். குனிந்து உள்ளே போகவில்லை. கதவைத்தான் பார்த்தார். இரண்டு விரலால் தடவினார். அப்புறம் முதலாளியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க, உங்க ஷாப்பு சரக்கு இங்க தொங்குது? சீமைக்குக் கப்பல்ல போறது கணக்கா இருக்கே?"

முதலாளி முகம் சுருங்கியது. வரிசை நெடுக ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். எல்லா வாசலிலும் மின்னியது.

"ஐயா, இது கழிவுத் தோலுங்க. மேஸ்திரி குடுத்தது. பொங்கலுக்குப் பொங்கல் குடுக்கறதுதான்" என்றாய் நீ. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "மேஸ்திரியண்ணே, நீயே சொல்லேன்."

மேஸ்திரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதுங்க மொதலாளி. கழிவு எங்கயாச்சும் இப்பிடி இருக்குமா?"

அந்த நிமிஷம் உன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. நான் வாயைத் திறந்து கத்தினேன். "பொய் சொல்லாத மேஸ்திரி! எங்கிட்டயும்தான் குடுத்த!" யார் கேட்டார்கள்? நீ கதவை இரண்டு கையாலும் பிடித்து, "திருப்பிப் பாருங்க சாமி, பின்னாடி பாருங்க, எத்தினி ஒட்டு போட்டிருக்கேன் பாருங்க" என்றாய். பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அபேட்சகர் கைக்குட்டையை எடுத்து, கதவைத் தொட்ட அந்த இரண்டு விரல்களைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வண்டியில் ஏறினார். பார்க்க வந்தவர் பார்த்தது அவ்வளவுதான்.

தோல் தொழிலில் முடி நரைத்தவர் முதலாளி. ஒரு தோலின் மேல் கை வைத்தாலே அது எந்த ஊர் மாடு என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். கூட்டத்தில் எழுந்து குடிசைப் பிடித்தத்தைச் சொன்னவளை வெளியே தள்ள ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீயே எண்ணெய் தேய்த்து வைத்திருந்தாய்.

மறுநாளே ஷாப்புத் தோலைத் திருடினாய் என்று உன்னை வேலையை விட்டு நிறுத்தி, உன் குடிசையைப் பிரித்தார்கள். மற்றவர்களின் கதவுத் தோல்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு, பிழைத்துப் போங்கள் என்று விட்டார்கள். உன்னை யார் சேர்த்துக்கொண்டாலும் அவர்கள் குடிசையும் போகும் என்று மேஸ்திரியே வந்து சொன்னார். அந்த வார ஓட்டுக் கூட்டத்தில் அபேட்சகர் பேசினதை நான் ஓரத்தில் நின்று கேட்டேன். "சீமைத் தோலக் கதவா மாட்டிக்கினு, கூலி கம்மின்றாங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் கூட்டத்தில் உனக்காகப் பேசின பட்டை வியாபாரியும் சிரித்தார். அதுதான் அக்கா என்னை உறைய வைத்தது. கெட்டவர்கள் கெட்டது செய்வதில் ஆச்சரியம் இல்லை. கேள்வி நியாயம் என்று சொன்ன வாய் இரண்டே வாரத்தில் எப்படிச் சிரித்தது?

நீ ரயிலடிக்குப் போனாய். அங்கேயிருந்து விரட்டினார்கள். பாலத்துக்குக் கீழே மணலில் நாலு கழி நட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டாய். நானும் என் பெண்சாதியும் வந்து கூப்பிட்டோம். "வா யக்கா, நடக்கறது நடக்கட்டும்" என்று அவள் உன் மூட்டையைத் தூக்கினாள். நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய்.

"உன் வூடும் போச்சின்னா நான் யாரு வூட்டுச் சோத்தத் துன்றது? போடி, பேஜாரு பண்ணாத. நாளைக்குக் கொண்டார்ற கொழம்புல உப்பக் கம்மியாப் போடு, அது போதும்."

மழை பிடித்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நாங்கள் வந்தோம். நீ அதற்கு முன்பே போய்விட்டிருந்தாய். சாவதற்கு முந்தைய நாள்கூட நீ கேட்டது ஒன்றுதான். "அவுரு ஏன்டா திருப்பிப் பாக்கல?" அழவில்லை, திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாய்.

அதன் பிறகு எந்த ஷாப்பு வாசலையும் நான் மிதிக்கவில்லை. ரயில்வே கேட் அருகே செருப்பு தைத்தேன். பட்டினி கிடந்து, பிடிவாதம் பிடித்து, ஓர் அறையும் முற்றமும் உள்ள, ஓடு வேய்ந்த வீட்டை என் பெயரில் வாங்கினேன். வரி கட்டுகிறேன். எனக்கு இப்போது ஓட்டு இருக்கிறது, அக்கா. நாளைச் சாயங்காலம் அவர் அதே திடலுக்கு வருகிறார். 'பழசையெல்லாம் ஏன் கிளறுறீங்க, அப்பா' என்று என் மகன் சொல்கிறான். அவனுக்கு நீ யாரென்று தெரியாது. நான் போகத்தான் போகிறேன். ஜமக்காளத்திலேயே உட்காருவேன், அந்த இடம் இப்போது எனக்கும் உண்டு.

என்ன கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மனதில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டை விட்டும் நிறுத்துகிற வழக்கத்தை முதலாளிகள் ஒழிக்க வேண்டும். மழை நாளுக்குப் பாதிக் கூலியாவது அவர்கள் கொடுக்க வேண்டும். கொடுக்கிற மனமில்லாவிட்டால் அன்று குடிசைப் பிடித்தத்தையாவது விட வேண்டும். ஆற்றோரப் புறம்போக்கை நகரசபை மேடாக்கி மனைமனையாக அளக்க வேண்டும். தாசில்தார் அந்த மனைகளுக்கு அங்கே குடியிருப்பவர் பெயரிலேயே பட்டா எழுத வேண்டும், ஷாப்பின் பெயரில் அல்ல. ரயிலடியில் படுத்தவரை எழுப்புகிற போலீஸ்காரன், போய்ப் படுக்க ஓர் இடத்தைக் காட்டிவிட்டு எழுப்ப வேண்டும். வரி கட்ட வீடில்லாதவருக்கும் ஓட்டு உண்டு என்று சர்க்கார் சட்டம் போட வேண்டும். பட்டை வியாபாரி உயிரோடுதான் இருக்கிறார். சிரித்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். மேஸ்திரி செத்துவிட்டார், அவர் சொல்லாத உண்மையை அவரிடம் தோல் வாங்கிய நாங்கள் சொல்ல வேண்டும். அபேட்சகர், மனம் உருகியதாக அச்சடித்துக்கொண்டவர், உன் பெயரை ஊர் கேட்கச் சொல்லி, அவள் திருடவில்லை என்று அந்த மேடையிலேயே சொல்ல வேண்டும்.

கிழவா, உட்கார் என்பார்கள். நான் உட்காரக் கூடாது.