ரெத்தினதாஸ் பணிமனை மீது நான் கொடுத்த புகார் தவறு எனப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
சி. ஆனந்தலட்சுமி, எம்.எஸ்சி.,
வேதியியல் ஆசிரியை,
கொல்லயில், பாறசாலை வழி.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
கிராம ஊராட்சி அலுவலகம்.

பொருள்: வாகனப் பணிமனை உரிமம் – என் புகாரின் பிழை – உரிமம் புதுப்பிக்க வேண்டுதல்.

பார்வை: எனது புகார், நாள் 28.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட புகாரின் பேரில் திரு. ரெத்தினதாஸின் பணிமனை உரிமம் புதுப்பிக்கப்படாமல் நிற்கிறது. ஆகஸ்ட் பத்தாம் தேதி முதல் பணிமனை பூட்டிக் கிடக்கிறது. இம்மாதம் 24ஆம் தேதி விசாரணை. அதற்கு முன் தாங்கள் இதைப் படிக்க வேண்டும்.

2. என் தந்தை சிவானந்தத்தை வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காகக் காரக்கோணம் அழைத்துச் செல்கிறேன். ஜூலையில் காரின் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உள்ளே பெட்ரோல் வாடை. தந்தை இருமுறை வழியிலேயே வாந்தி எடுத்தார்.

3. காரில் செருகினால் கோளாறைக் கைப்பேசியில் காட்டும் கருவி ஒன்றை வாங்கி நானே பார்த்தேன். டேங்கில் உள்ள பெட்ரோல் ஆவியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. ரெத்தினதாஸ் அதைச் சோதித்து, சென்சார் நன்றாக இருக்கிறது என்றார். நான் வற்புறுத்தியதால் புதியது மாட்டினார். பன்னிரண்டாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அப்போது அவர் சொன்னது: "டீச்சரே, எனக்கு இன்னும் பிடி கிட்டேல்ல. ரெண்டு நாளு வண்டி இங்க நிக்கட்டு." இந்த வாக்கியத்தையே அவருடைய திறமையின்மைக்குச் சான்றாக என் புகாரில் எழுதினேன். பழைய உதிரிப்பாகத்தை மாட்டி ஏமாற்றினார் என்றும் எழுதினேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

4. ஆகஸ்ட் 24 அன்று அவர் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர் பெட்ரோல் எங்கயாக்கும் அடிக்கது?" இந்தப் பகுதியில் பலரைப் போல நானும் விலை குறைவென்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் அடிப்பவள். அத்தனை தூரம் போவதால், குழாய் தானாக நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்பச் சொல்வது என் வழக்கம். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பின்ன சென்சாரு என்ன செய்யும் டீச்சரே? அது உள்ளதத்தான சொல்லுது."

5. ஆவியைப் பிடித்து வைக்க டேங்கை ஒட்டிக் கரி நிரம்பிய பெட்டி ஒன்று உண்டு. வழிந்த பெட்ரோல் அதற்குள் இறங்கி, கரியை நனைத்து, ஆவி போகும் வழியை அடைத்திருந்தது. வாடையும் சென்சார் காட்டிய மாறான அழுத்தமும் அதனால் வந்தவை. கரி ஆவியை ஈர்க்கும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லித் தருகிறவள் நான்.

6. உரிமம் இல்லாத நிலையில் அவர் என் வண்டியில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்து, வேறு இடத்தில் காட்டச் சொன்னார். நெய்யாற்றின்கரையில் காட்டினேன். கழற்றிய பெட்டியைக் கவிழ்த்தபோது பெட்ரோல் கொட்டியது. மாற்றிய பின் விளக்கு எரியவில்லை. வாடை இல்லை. அவருடைய தாளும், அந்தப் பணிமனையின் அறிக்கையும், இம்மனுவின் மலையாளப் பிரதியும் இணைப்பில் உள்ளன.

7. உறுதிப்படுத்திக்கொள்ள ஏழு வாரம் காத்திருந்தேன். எதையும் உடனே நம்புவது எனக்கு வழக்கமில்லை. அந்த ஏழு வாரமும் அவருக்கு வேலை இல்லை. அவர் மனைவி சௌதாமினி முந்திரி ஆலைக்குப் போகத் தொடங்கியிருப்பதை நேற்றுத்தான் அறிந்தேன்.

8. தங்கள் அலுவலக எழுத்தர் தொலைபேசியில் அன்போடு ஒரு வழி சொன்னார்: "சமரசம் ஆயிட்டுன்னு எழுதித் தாங்க டீச்சர், அதாக்கும் எளுப்பம்." எளிதுதான். ஆனால் சமரசம் என்றால் அவர் மீதும் பிழை இருந்தது என்று ஆகும். ஊரும் அப்படித்தான் பேசும்.

ஆகவே புகாரை நான் திரும்பப் பெறவில்லை. அது தவறான புகார் என்றே கோப்பில் எழுதி, அவருடைய உரிமத்தைத் தாமதமின்றிப் புதுப்பித்துத் தருமாறு வேண்டுகிறேன். விசாரணை நாளில் நேரில் வந்து, அவர் முன்னிலையில் இதையே சொல்ல எனக்கு அனுமதி தர வேண்டும்.

இடம்: கொல்லயில்
நாள்: 17.10.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
சி. ஆனந்தலட்சுமி