கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டேன்

சனிக்கிழமை, இரவு

மகள் யாழினியின் பள்ளியில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதைப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். குடும்பமாக உட்கார்ந்து, இரவுக்கு ஓர் அத்தியாயம் படிக்க வேண்டும். முந்திப் படிக்கக் கூடாது. கடைசி அத்தியாயம் மட்டும் இன்று பள்ளியில், எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து.

நான் முதல் நாளே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். முப்பது வருட நிருபர் புத்தி. முடிவு தெரியாமல் எதையும் படிக்க வராது. அதோடு விட்டேனா? நேற்று லிஃப்டில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா லட்சுமி காருவிடம், கதையில் தொலைந்த ஆடு திரும்பி வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால் பள்ளி வேன் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"கைக்கு சொன்னேப்பா? நீ ஸ்கூலுக்கு வரவே நக்கோ" என்றாள் யாழினி. இந்த ஊர் இந்தியில் 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

ஆனாலும் போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். தலைமையாசிரியை கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரு கணம் நிறுத்தினார். அதற்குள் அரங்கமே ஆடு வந்துவிட்டது என்று தெலுங்கிலும் இந்தியிலும் கத்தியது. வேன் டிரைவர் "மே...!" என்று ஆடாகவே கத்தினார். தலைமையாசிரியையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தமிழில் ஒரே ஒரு குரல் கேட்டது. யாழினியுடையது. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டே கத்தினாள்.

அடுத்த புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். அதன் கடைசி அத்தியாயத்தை யாழினி சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறாள். மேலே பென்சிலால், "அப்பா நக்கோ."