கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

வன்னியில் சண்டை முடிந்த வருடம் அது. நாம் அகதியாக வந்த நாட்டில், நம் கோழித் தொழிற்சாலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதும் அந்த வருடம்தான். எழுத்தறியாதவனுக்கு வருடங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கும். இன்று அலுமாரியைத் துப்புரவாக்கிய மகள் உன் பழைய கமராவை எடுத்து என் மடியில் வைத்தாள், மச்சான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போய், படக்கொட்டகையிலேயே கிடந்தவன் நீ. பெல்ட்டில் கோழி வந்துகொண்டிருக்க, அந்தப் பழைய ரஷ்ய இயக்குநரின் கதையைச் சொல்வாய். அவர் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. பேசாப்பட காலத்தில் நடிகனாக வந்தவர். பிறகு தானே இயக்கி, தானே நடித்தார். மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனதும் படமெடுக்க விடவில்லை. கடைசியில் மற்றவர்களின் படத்தில் ஒரு நிமிடம் வந்துபோகும் கிழவன் ஆனார்.

"அந்த ஒரு நிமிசத்துக்காக மூண்டு தரம் டிக்கட் எடுத்தனான் மச்சான்."

"கோழியைப் பாரடா, போர்மன் வாறான்."

சண்டை முடிந்து மாதங்களாகியும் வன்னியில் இருந்த உன் மகனைப் பற்றித் தகவல் இல்லை. அப்போதுதான் ஹொல்ஸ்டெப்ரோ வீட்டில் நீயும் படமெடுத்தாய். மகனோடு தொலைபேசியில் பேசும் தகப்பன் நீ. தாயாகப் பக்கத்து வீட்டுச் செல்வமலர் அக்கா. உன் ரஷ்யருடையதைப் போலவே சத்தமில்லாத படம். குசினி யன்னலுக்கு வெளியே கமராவோடு என்னை நிறுத்தினாய்.

"ஒருக்கா மட்டும் அமத்து. ரெண்டாந்தரம் நடிக்க என்னால ஏலாது."

அழுத்தினேன். உடனே இன்னொரு தரமும் அழுத்தினேன். நம் பெல்ட்டின் பொத்தான் இரண்டு தரம் அழுத்தினால்தான் ஓடும். பதினெட்டு வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் உதடு அசைந்தது. ரிசீவரைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாய். அக்கா நடிப்பை மறந்து விம்மினார்.

நாடாவில் ஒன்றுமில்லை.

"கமரா பழசடா," என்றாய்.

"ஓம்," என்றேன்.

அடுத்த மாரியில் நீயும் கண்ணை மூடிவிட்டாய். இரண்டாந்தரம் அழுத்தியதில்தான் கமரா நின்றது, பழுது அதில் இல்லை, என் கையில் என்று சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. சொல்லவில்லை. இன்றும் லிஃப்ட் பொத்தானை இரண்டு தரம் அழுத்துகிறேன்; இரண்டாவது தரம் உன் முகம் வரும்.

எல்லாம் நினைவிருக்கிற எனக்கு, மகனிடம் நீ சொன்னது மட்டும் தெரியாது. அதைப் பக்கத்திலிருந்து கேட்ட ஒரே ஆள் இப்போது பிரெடெரிசியாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகள் காரில் கூட்டிப்போகிறாள். முதலில் பொத்தான் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன், செல்வமலர் அக்காவிடம்.