கெ. பையனாக இருக்கட்டும்

மார்ச் 3
புது இயக்குநர் தார்மென் இன்று எங்கள் வாய்க்கால் அலுவலகம் முழுவதையும் கூட்டிவைத்து ஒரு மகத்தான கண்டுபிடிப்பை அறிவித்தார். நாளை முதல் யாரும் கணினியில் பழைய இணைய உலாவியைத் தொடக்கூடாதாம். எல்லோரும் புதியதற்கு மாற வேண்டுமாம். ஏன்? "கசாக் மொழில இருக்கிற பக்கத்தையெல்லாம் அதுவே ரஷ்யன்ல மாத்திக் காட்டிரும். ரொம்ப வசதி."

யாருக்கு வசதி? தலைநகரில் வளர்ந்த துரைக்குத் தன் அம்மா பேசும் மொழியில் நாலு வரி படிக்க ஓர் இயந்திரம் வேண்டியிருக்கிறது. மதகுகளின் நீர்மட்டம் காட்டும் பக்கங்களை எல்லாம் நான் பழையதில்தான் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். "உல்போல்சின் அக்கா, நீங்களும்தான்" என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

மார்ச் 5
மாறித் தொலைத்தேன். ஜானாதலாப் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்தால் 'புதிய கோரிக்கை' என்று காட்டுகிறது. யார் கோரிக்கை, என்ன கோரிக்கை என்று நானும் கொஞ்ச நேரம் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. ஊர்ப் பெயரையே மொழிபெயர்த்திருக்கிறது, மூதேவி!

மத்தியானமே பழையதுக்குத் திரும்பிவிட்டேன். கேட்டால் கேட்கட்டும்.

மார்ச் 14
நீர்ப் பங்கீட்டுப் பிரிவின் தலைவர் பதவிக்கு இரண்டே பெயர்கள். நான், பெக்சாத். பழைய தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வேலையை நான்தான் பார்க்கிறேன். பெக்சாத் நல்ல பிள்ளை. வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வான்.

இந்த நாற்காலி எனக்கு வேண்டும். இங்கேயாவது வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மார்ச் 22
நௌருஸ், எங்கள் புத்தாண்டு. கஞ்சி குடிக்கப் போன வீட்டிலெல்லாம் "வாங்க, தலைவரக்கா!" கண்ணு வைக்காம இருங்கடி.

மார்ச் 27
பெக்சாத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 28
தேநீர் நேரத்தில் ஸம்ஸகுல் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். தேர்வுக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவள் அவள்.

"அக்கா, மேலிடத்து உத்தரவாம். திரையிலயே இருந்துச்சு. பதவிக்கு நேரா, 'கெ. பையனாக இருக்கட்டும்'னு. அதுக்குக் கீழ பெக்சாத் பேரு."

"கெ.ன்னா யாருடி?"

"அமைச்சகத்துல கெ-ன்னு ஆரம்பிக்கிற ஒரு பெரியவர் இருக்காராமே. அவர்தான்னு இயக்குநர் சொன்னாரு. யாரும் வாயே தெறக்கல. ஒங்க பேரு பட்டியல்லயே இல்லையேன்னு நான் வேற நெனச்சுக்கிட்டேன்..."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

அதுதாண்டி என் பேரு. உல்போல்சின் – பையனாக இருக்கட்டும். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதாக நான் வந்ததும், அடுத்ததாவது என்று அப்பா வைத்தது. இந்தப் பக்கம் தெருவுக்கு ஓர் உல்போல்சின் இருக்கிறாள். அந்த உலாவி அதையும் மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறது. கூட்டம் முழுக்கக் கசாக்குகள், ஒருத்தருக்கும் பொறி தட்டவில்லை! 'கெ.' என்பது கெஞ்செதாய். என் அப்பா. செத்துப் பல வருஷம் ஆன மனிதருக்குப் பயந்து மொத்தக் குழுவும் தலையாட்டியிருக்கிறது.

வராத பையனுக்காக வைத்த பெயர், வந்த என்னைத் தள்ளிவிட்டது. அப்பா, உங்க உத்தரவை நிறைவேத்திட்டாங்க. போதுமா?

ஏப்ரல் 2
தார்மெனிடம் போய்ச் சொன்னேன். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "சரிதான்க்கா, ஆனா முடிவு முடிவுதான். மேலிடத்துக்கு நன்றிக் கடிதம்கூட அனுப்பியாச்சு."

நன்றிக் கடிதம்! என்ன ஜென்மங்களோ.

ஏப்ரல் 9
பெக்சாத் வந்து நின்றான். "அக்கா, சத்தியமா நான் கேக்கல. எந்த மதகை மொதல்ல தெறக்கிறது?"

"பையன்தானே நீ? ஒனக்கே தெரியும்."

பாவம், அழுதுவிடுவான் போலிருந்தது. சொல்லிக் கொடுத்தேன். நெல்வயல் என்ன பாவம் செய்தது?

ஏப்ரல் 18
நன்றிக் கடிதம் வேலை செய்துவிட்டது. அமைச்சகத்து கெ. தொலைபேசியில் தார்மெனைப் பிடித்து, "எந்தப் பையன்? நான் எப்ப சொன்னேன்? எம் பேர்ல யாருய்யா உத்தரவு போட்டது?" என்று காய்ச்சினாராம். கதவைத் தாண்டி எங்கள் அறை வரைக்கும் கேட்டது என்கிறாள் ஸம்ஸகுல். நான் மதகில் இருந்தேன், கொடுத்துவைக்கவில்லை.

ஏப்ரல் 24
உத்தரவு ரத்து. புது உத்தரவில் என் பெயர். பழைய உலாவியில் திறந்து, சொந்த மொழியிலேயே படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மே 6
நெல்வயலுக்குத் தண்ணீர் திறந்தாகிவிட்டது. அறைக்குத் திரும்பினால் கதவில் பளபளவென்று புதுப் பித்தளைப் பலகை. இயக்குநரே முன்னால் நின்று மாட்டச் சொல்லியிருக்கிறார். பெயரைத் தன் திரையிலிருந்து அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார், பலகைக் கடைக்காரனும் வந்ததை அப்படியே செதுக்கியிருக்கிறான்.

'கெ. பையனாக இருக்கட்டும். பிரிவுத் தலைவர்.'

தார்மென் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அக்கா! நாளைக்கே கழட்டி மாத்திடறேன்."

நான் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். அப்பா ஆசைப்பட்டதும் நான் ஆசைப்பட்டதும் ஒரே பலகையில்.

"இருக்கட்டும்" என்றேன்.