பெயர் வைக்காத வியாதி

மார்ச் 3, திங்கள்

பூங்காவில் நான்கு சுற்று. கூட நடக்கும் பேங்க்காரர் இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். என்னைவிட ஆறு வயது சின்னவர்! முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிய உடம்பு இது. சும்மாவா?

மாலையில் மகள் போன் செய்தாள். வெளிநாட்டில் அவள் தோண்டும் சுரங்கம் ஏப்ரலில் மறுமுனையைத் தொட்டுவிடுமாம். கடைசிச் சுவரை இயந்திரம் உடைத்துக்கொண்டு வரும்போது, வேலை செய்கிறவர்களின் வீட்டார் எதிரே நின்று பார்க்கலாமாம். "அந்த ஷிப்ட்டுக்கு நான்தான்பா இன்ஜினியர். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா நிக்கணும்." பள்ளிக்கூட யூனிஃபார்மோடு குழி தோண்டியதற்காக இவளை மைதானம் சுற்ற விட்டவன் நான். இப்போது ஒரு ஊருக்கே அடியில் தோண்டுகிறாள். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஒரு நிபந்தனை. பயணக் காப்பீடு இல்லாதவர்களைத் தளத்துக்குள் விட மாட்டார்கள்.

மார்ச் 6

இன்சூரன்ஸ் விண்ணப்பம். வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் ஃபைலோடு உட்கார்ந்தாள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். எந்த வருடம், என்ன மாத்திரை, கடைசிப் பரிசோதனை எப்போது, எல்லாம் வரிசையாக. "நடமாடும் மருந்துக்கடை" என்றேன். வழக்கம்போலச் சிரித்தாள்.

என் முறை. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அப்புறம் அவள் பேனாவை நிறுத்தினாள். "ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு கிரவுண்டுல விழுந்தீங்களே?"

"அது வெறும் வயித்துல நின்னது."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல அப்படிப் போடலையே." எடுத்தும் காட்டினாள். 'மயக்கம். காரணம் கண்டறியப்படவில்லை. மேற்பரிசோதனை நிலுவையில்.' அந்தப் பரிசோதனைக்கு நான் போகவே இல்லை.

"இல்லைன்னு போடு."

"பொய் எழுத மாட்டேங்க. நீங்க அங்க போய் விழுந்தா அந்தச் செலவெல்லாம் பாப்பா தலையிலதான் விழும்."

உள்ளதையே போட்டுவிட்டாள்.

மார்ச் 10

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலைக் கேட்டால் என் பழைய மாணவி மாதிரி, "சார், சார்" என்று அத்தனை மரியாதை.

"மேடத்துக்கு ஓகே சார். பிரீமியம் மட்டும் கொஞ்சம் கூட வரும்." கொஞ்சமா? அவளுக்கு ஒரு டிக்கெட், அவள் வியாதிகளுக்குத் தனியாக ஒரு டிக்கெட்.

"உங்களுக்குத்தான் சார் தர முடியல."

"எனக்கு என்னம்மா வியாதி? ஒண்ணுமே கிடையாதே!"

"அதான் சார் பிரச்சினை. பேர் தெரிஞ்ச வியாதின்னா ரேட் போட்டுடலாம். என்னன்னே தெரியாததுக்கு எப்படி சார் போடறது?"

போனை வைத்தேன். நாலு வியாதிக்காரிக்கு உண்டாம். எனக்குக் கிடையாதாம். என்ன அநியாயம்டா இது!

மார்ச் 11

பேப்பரைப் பிரிக்கவில்லை. பூங்காவுக்கும் போகவில்லை.

மார்ச் 13

வீட்டுக்காரி பிரீமியம் கட்டிவிட்டாள். அவளுக்கு மட்டும். தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்துச் சேமிப்பிலிருந்து. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நீ மட்டும் போறியா?"

"போறேன். பெத்த பொண்ணு சுவத்த உடைச்சிக்கிட்டு வரும்போது எதிர்ல ஒரு ஆள் வேணும்ல. நீங்க டெஸ்டுக்கு வர்றீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

கோபம்தான் வந்தது. பயந்தேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன். — சரி, பயந்தேன். டெஸ்டில் ஏதாவது இருந்துவிட்டால்?

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19

நெஞ்சில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். துடிப்பையெல்லாம் அது பதிவு செய்யுமாம். பூங்காவில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தேன். பேங்க்காரர், "என்ன மாஸ்டர், கல்யாணத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 24

டாக்டரம்மா என் மகளைவிடச் சின்னவள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். மலையும் பள்ளமுமாக ஓடிய கோடு, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல் நேராகப் போயிற்று. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் இதயமும்.

"ஹார்ட் பிளாக், மூன்றாம் நிலை. இவ்வளவு நாள் நீங்க தப்பிச்சதே பெரிசு அங்கிள். உடனே பேஸ்மேக்கர் வைக்கணும்."

"மூன்றாம் நிலைன்னா மெடல் உண்டா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை.

அந்த விண்ணப்பத்தில் அவள் மட்டும் பொய் எழுதியிருந்தால்...

மார்ச் 28

வைத்தாயிற்று. இடது தோளுக்குக் கீழே, தீப்பெட்டி அளவு. பாப்பாவிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். பூமிக்கு அடியில் வேலை பார்க்கிறவளுக்குக் கவனம் சிதறக் கூடாது.

ஏப்ரல் 9

பாறை எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாம். சுரங்கம் மே மாதத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. மகள் அழாத குறையாகச் சொன்னாள். "பரவாயில்லம்மா, மெதுவா வா" என்றேன். அந்தப் பாறைக்கு மனதுக்குள் ஒரு சல்யூட்.

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாதாம். நானா! வீட்டுக்காரி என் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் என்னை நடக்க விடுகிறாள். வேகமாக நடந்தால் ஊதுகிறாள். பழி வாங்குகிறாள், தெரியாதா எனக்கு.

ஏப்ரல் 25

அதே இன்சூரன்ஸ் பெண். டாக்டரம்மாவின் சான்றிதழ் அனுப்பியிருந்தோம். "இப்ப பேர் இருக்குல்ல சார், ரேட் வந்துடுச்சு." தொகையைச் சொன்னாள். தலை சுற்றியது. வியாதியால் அல்ல.

வீட்டுக்காரியின் ரேட்டைவிட அதிகம். அவளிடம் சொன்னேன், "நாலு வியாதி வச்சும் நீ ரெண்டாவதுதான்."

"போதும் பெருமை. பெட்டியை எடுங்க" என்றாள்.

மே 14

ராத்திரி மணி பதினொன்று. இருந்தாலும் எழுத வேண்டும்.

தளத்து வாசலில் ஒரு பெண்மணி தலைக்கவசம் கொடுத்து, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். நானே பேனாவை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நிற்கச் சொன்னார்.

எதிரே வெறும் கான்கிரீட் சுவர். முதலில் ஒரு உறுமல், காலுக்குக் கீழே அதிர்வு. சுவரில் கோடு விழுந்தது. அப்புறம் அப்படியே சரிந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால் வீட்டு உயரத்துக்கு ஒரு சக்கரம், மெல்லச் சுற்றி நின்றது. அதன் நடுவில் ஒரு சின்னக் கதவு திறந்தது. முதலில் ஒரு தலைக்கவசம், அப்புறம் சேறு அப்பிய ஒரு முகம். எம்பொண்ணு. எல்லாருக்கும் முன்னால எம்பொண்ணு!

என் கை வீட்டுக்காரியின் கழுத்துக்குப் போயிற்று. அங்கே தொங்கிய என் விசிலை எடுத்து ஊதினேன், இருக்கிற மூச்செல்லாம் சேர்த்து. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் மட்டும் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லாமல் ஓடி வந்தாள்.

கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகினாள். என் தோளுக்குக் கீழே கையை வைத்தாள். "இது என்னப்பா?"

அட்டென்ஷனில் நின்று சொன்னேன். "ஹார்ட் பிளாக், மூன்றாம் நிலை. பேஸ்மேக்கர் வச்சிருக்கு."

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். "நீ உள்ள இருந்தியேம்மா" என்றேன். கையை அங்கிருந்து அவள் எடுக்கவே இல்லை. உள்ளே அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

சட்டையில் ஐந்து விரலும் சேறாகப் பதிந்திருக்கிறது. துவைக்கப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதை ஏற்கனவே மடித்து, தன் மருந்து ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.