காருக்கு அடியில் விரித்த அட்டை

என்னங்க,

முட்டிவலி குறைந்திருக்கிறதா? தைலத்தை விடாமல் தேய்க்கிறீர்களா? இன்று எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், எங்கே கசிகிறதென்று தெரிய நேற்றிரவு காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். பின்சக்கரம் நிற்கும் இடத்தில் ஈரம்.

பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செலவு மிச்சமென்று பிரேக் ஆயிலை நானே ஊற்றுவதாகப் பெருமையடித்தேனே, குறையக் குறைய ஊற்றினேனே தவிர, அது எங்கே போகிறதென்று யோசிக்கவே இல்லை. நேற்று வேலைக்குப் போகையில் இறக்கத்தில் மிதித்தால் பெடல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். பின்சீட்டில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

"அக்கா, வேலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, மேலேயே அனுப்பப் பாக்குறீங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் அடுப்பருகே நிற்கும்போது வலதுகால் தானாகத் தரையை அழுத்துகிறது.

கை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஊருக்கு வரச் சேர்த்ததை எடுத்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறேன். இந்த வருடம் நான் வரவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் நானே சொல்கிறேன்.