முப்பது அறை வைத்த துணிப்பை

உ

ஈசூன், சிங்கப்பூர்
17.4.1988

மதிப்பிற்குரிய அல்போன்சம்மாள் அக்கா அவர்களுக்கு,

எட்மண்டுடன் ஒரே வீட்டில் இருக்கும் சுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. தம்பிக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "சுந்தரத்துக்கும் என் அன்பு" என்று ஒன்பது வருடமாக எழுதிவருகிறீர்கள். பதில் போடாமல் இருந்துவிட்டேன். தம்பி இப்போது சுகம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி கடைசியில், ஆபீசில் டெலக்ஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு வலது கை எழும்பவில்லை. நாக்கு குழறியது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சிரித்தார்களாம். பிறகு வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒட்டுண்ணிக் கிருமி, இரண்டு மூன்று இடத்தில் வீக்கம் என்றார்கள். பூனையிடமிருந்தோ சரியாக வேகாத இறைச்சியிலிருந்தோ உடம்புக்குள் வருமாம். எத்தனையோ பேர் உடம்பில் அது சும்மா தூங்கிக்கொண்டு கிடக்குமாம். இவன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் விழித்துக்கொண்டது. அதற்கு மேல் எனக்கு விவரம் போதாது.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திரியும் பூனைகளுக்கு எல்லாம் மீன் தலை வாங்கிப் போடுகிறவன் உங்கள் தம்பிதான். நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பூனை மேல் பழி போடாதே, இது எந்தக் காலத்தில் வந்ததோ என்று டாக்டரே சொன்னதும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறு வாரம் மருந்து. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டான். இருபது வருடமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது தேக்கா மார்க்கெட் மாடியில், ஒரு ஆள் பொத்தான் போடுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது அன்றைக்குத்தான். ஈஸ்டர் பூசைக்கு அவனே நடந்து போனான். நான் வெளியே மரத்தடியில் நின்றேன்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கிருமிக்கு இரண்டு வகை, ரத்தம் கெடாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை. அதோடு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். குமட்டுகிறது, நாக்கு செம்புக்காசு மாதிரி இருக்கிறது என்று தினமும் முனகல். நான் பிரம்பு பிடித்த வாத்தியார் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறேன்.

செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி வந்து நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும் என்று துடிக்கிறான். அங்கிருந்து உங்கள் நாகப்பட்டினம் வீட்டுக்கு வந்து தங்குவான். சட்டைத் துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, நாளுக்கு ஒன்றாக முப்பது அறை வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா என்கிறான். நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் ஜெபத்தில் எங்கள் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் நண்பன்,
சுந்தரம்


உ

ஈசூன்
2.10.1988

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லபடியாக வந்து சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கொடுத்துவிட்ட கருவாடு, மாதா கோயில் எண்ணெய், எனக்கென்று வைத்த வேட்டி எல்லாம் கிடைத்தது. கருவாட்டு வாசனைக்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டிவிட்டாள். பங்கு கொடுத்துச் சமாதானம் செய்தோம். வெயிலில் கறுத்து, வயிறு வைத்து வந்திருக்கிறான். உங்கள் கை உப்பு ஒட்டியிருக்கிறது. அவனை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகிறது.

ஒரு விஷயம் உங்களைக் கேட்க வேண்டும். நான் தைத்துக் கொடுத்த மாத்திரைப் பை பெட்டியில் இல்லை. கேட்டால் அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்கிறான். இங்கே புதுப் புட்டியிலிருந்து தினமும் எடுத்துக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறான். முன்பு முனகாத நாள் இல்லை. இப்போது ஒரு சத்தமும் இல்லை, சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்கிறான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மூன்று நாள் தலை வழியாக மாட்டுகிற பனியன் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். பொத்தான் சட்டை புழுக்கமாக இருக்கிறதாம். நேற்று கோப்பிக் குவளை கையிலிருந்து நழுவியது. கை வழுக்கிவிட்டது லா, இதற்கு ஏன் முறைக்கிறாய் என்றான். நான் முறைக்கவில்லை அக்கா, பயந்துபோய்ப் பார்த்தேன்.

தயவுசெய்து பையைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எத்தனை அறையில் மாத்திரை அப்படியே இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நான் கேட்டதாக அவனுக்கு எழுத வேண்டாம்.

அன்புடன்,
சுந்தரம்


உ

ஈசூன்
27.12.1988

அக்கா,

உங்கள் பதில் அக்டோபர் கடைசியில் வந்தது. இரண்டு மாதம் உங்களுக்கு எழுத எனக்கு முகம் இல்லை. கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது அது போய்விட்டது.

பையைத் தேட வேண்டியதில்லை, மாதா பிறந்தநாள் அன்று அதை மாதா காலடியிலேயே வைத்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். சுகம் கண்டவர்கள் ஊன்றுகோலை வைப்பார்கள், தாலியை வைப்பார்கள், தம்பி வெள்ளியில் செய்த தலையோடு மாத்திரைப் பையையும் தட்டில் வைத்தான், தட்டை நானே பிடித்தேன் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். இனி மருந்தைத் தொடுவதில்லை என்று அவன் வாய்விட்டு நேர்ந்துகொண்டதையும் எழுதியிருந்தீர்கள். பத்து அறைதான் காலியாக இருந்ததாம்.

அந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். மறைக்கவில்லை. நான் கொடுத்த மாத்திரையை எல்லாம் நாக்குக்கு அடியில் வைத்திருந்து, பிறகு குப்பை கொட்டும் குழாயில் போட்டிருக்கிறான். கத்தினேன். அவன் கத்தவில்லை. "மாதாவுக்குக் கொடுத்ததை எப்படிடா திரும்ப வாங்குறது?" என்றான். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயை ஒட்டவைத்துத் தா என்று என்னைக் கேட்டால் நான் மட்டும் என்ன சொல்லுவேன்?

நவம்பர் எட்டாம் தேதி குளியலறையில் விழுந்தான். கிருமி திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை ஐந்து இடத்தில். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வலது பக்கம் நிற்பவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, நான் இடது பக்கம் போய் உட்காருகிறேன். ஊசியில் ஏற்றிய மருந்துக்கு உடம்பெல்லாம் தோல் வெந்துபோனது, நிறுத்தினார்கள். இப்போது இருப்பது வேறு மாத்திரை. அதை நர்ஸ் சரஸ்வதி பொடி செய்து தண்ணீரில் கலக்கிக் கொண்டுவருகிறார். அவன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். அவனுக்குப் பாதிச் சொல் மறந்துவிட்டது, நேர்ச்சை மட்டும் மறக்கவில்லை.

இது உங்கள் தப்பு இல்லை அக்கா. ஏப்ரலில் நான் "இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்று எழுதினேன் அல்லவா, அது பொய். டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது, ஆயுள் முழுக்க என்று. விழித்திருக்கும் கிருமிதான் மருந்தில் சாகும், தூங்குவது அங்கேயே கிடக்கும், மாத்திரையை விட்டால் எழுந்துவிடும் என்றார். அதை எழுதினால், ஆயுள் முழுக்க மருந்து கேட்கும் வியாதி என்ன வியாதி என்று அக்கா கேட்பாள் என்று எட்மண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் இணங்கினேன். உண்மை தெரிந்திருந்தால் நீங்கள் அந்தத் தட்டைப் பிடித்திருக்க மாட்டீர்கள்.

வியாதி எய்ட்ஸ். எழுதிவிட்டேன். பத்திரிகைகளில் என்னென்ன போடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அவன் சாப்பிட்ட தட்டைத் தூக்கிப் போட வேண்டாம், படுத்த பாயைக் கொளுத்த வேண்டாம், அப்படியெல்லாம் ஒட்டாது. எனக்கும் இருக்கிறது. எனக்கு வந்தது ஒரே தட்டில் சாப்பிட்டதால் இல்லை. இதற்கு மேல் நீங்கள் கேட்காதீர்கள், நானும் எழுதவில்லை. டாக்டர் எனக்கும் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மிஞ்சிய அதே துணியில் எனக்கும் ஒரு பை தைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்று முறைக்க ஆள் இல்லை.

போன வாரம் ஈசூன் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. இனி பஸ்ஸில் நசுங்காமல் ஆபீஸ் போகலாம் என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்கு அவனைப் பார்க்கப் போகிறேன், வருகிறேன்.

இப்போது நான் எழுத வந்த காரியம். அவன் பங்குச் சாமியாரும் வந்து சொல்லிப் பார்த்தார், மருந்து சாப்பிடுவது பாவம் இல்லை, அப்படி ஒரு நேர்ச்சை செல்லாது என்று. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தட்டைப் பிடித்தது நீங்கள், ஆகவே நீங்கள் சொன்னால்தான் கேட்பான் என்று எனக்குப் பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் கையெழுத்து மாதிரியே நான் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். அவன் இடது கண்ணுக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு பாதி முகத்தால் சிரித்தான். பழக்க தோஷத்தில் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தில் சிலுவை அல்லவா இருக்கும்? அவன் என் பக்கம் சிரித்தது அதுதான் கடைசி.

மருந்து இறங்கினாலும் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவன் வாயை மூடிக்கொள்வது மாதாவுக்குப் பயந்து அக்கா. அந்தப் பயத்தோடு அவன் போகக் கூடாது.

உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். "சாப்பிடு எட்மண்ட், மாதா கோபிக்க மாட்டாள்" என்றால் போதும். தந்தி வேண்டாம், நான் கொடுத்தது என்று நினைப்பான். விமானத் தபாலில் எட்டு நாள் ஆகும், தெரியும். பிந்தி வந்தாலும் நான் அவனுக்குத்தான் படிப்பேன், அவன் எங்கே இருந்தாலும்.

மேலே சிலுவையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

சுந்தரம்